கம்பெனி பஸ்ஸில் மாரியம்மா

ஈப்போவில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்த கலாதேவிக்குக் கழித்துப்போட்ட வண்ணத்தாள் வேண்டிய மட்டும் கிடைத்தது. வீடு திரும்பியதும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிடுவாள். ரொட்டி சானாய் வீசும் கை, மழைக்கு ஒதுங்கிய மோட்டார் சைக்கிள்கள், மாடிக் கம்பியில் காயும் துணி என்று அன்றன்று கண்ணில் பட்டதை வெட்டி ஒட்டிப் படமாக்குவாள்.

இந்த வருடம் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் அவளுடைய முதல் கண்காட்சி. அந்த இடத்தை நடத்தும் ஜெயபாலன், இருப்பதிலேயே பெரிய படத்தின் முன் நின்றார். இரவு வேலை முடிந்து, கலாதேவியின் ஊரான கோப்பெங்குக்குத் திரும்பும் கம்பெனி பஸ். உள்ளே நீலச் சட்டை போட்ட பெண்கள். ஒருத்தி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

"கலா, சன்னலுக்கு வெளிய நாலு பால்மரம் ஒட்டேன். ரப்பர் தோட்டம்னா பாக்குறவங்களுக்குப் புடிக்கும்லா."

"மரத்தையெல்லாம் வெட்டி வீடு கட்டிட்டாங்கண்ணே. நான் அங்கதான் குடியிருக்கேன். பாத்ததைத்தான் ஒட்டுவேன்."

அவர் சிரித்துவிட்டுப் படத்தை மாட்ட ஆணியை எடுத்தார்.

திறப்பு நாளன்று, அழைக்காமலேயே பக்கத்து வீட்டு மாரியம்மா தன் கம்பெனிக் கூட்டாளிகளோடு படியேறி வந்தாள். பஸ்ஸில் வாய் பிளந்து தூங்குபவள் மாரியம்மாதான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

கூட்டாளிகள் முதலில் கண்டுபிடித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாரியம்மா படத்தை நெருங்கிப் பார்த்தாள்.

"இது யாரு, நானா?"

மழுப்பியிருக்கலாம். கலாதேவி நேராக நின்றாள். "நீங்கதான்க்கா. கேட்டிருக்கணும், கேக்கல. வேணாம்னா இப்பவே எறக்கிடறேன்."

மாரியம்மா படத்திலிருந்த பிளந்த வாயை விரலால் சுட்டினாள்.

"ராத்திரி முழுக்க நின்னவ தூங்குற தூக்கம்லா இது," என்றாள். "எப்படிப் புடிச்ச? வாய் தொறந்திருந்தா இருந்துட்டுப் போவட்டும். ஏன் தலைய இப்படி நரைக்க வச்சிருக்க? கறுப்பா மாத்து."

அந்த நரைக்காக பிஸ்கட் உறையின் வெள்ளித்தாளை இழை இழையாக வெட்டியிருந்தாள் கலாதேவி. பஸ்ஸின் இருட்டுக்குள் அது மட்டும்தான் மின்னியது.

"படத்த வேணும்னா எறக்குறேன்க்கா. முடிய மாத்த மாட்டேன். அந்த வெள்ளை போனா படமே செத்துடும்."

ஜெயபாலன் தொண்டையைக் கனைத்தார். மாரியம்மா இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு பெரிதாகச் சிரித்துவிட்டாள்.

"புடிவாதக்காரி! சரி, இருக்கட்டும். ஆனா அடுத்த படத்துல நான் முழிச்சிருக்கணும். என் மோட்டார்ல, செவப்பு ஹெல்மெட் போட்டு, வேகமா போற மாதிரி."

"ஞாயித்துக்கெழம வீட்டு முன்னாடி ஓட்டிக் காட்டுங்க. பாத்துட்டுத்தான் வெட்டுவேன்."

"ஓட்டுறேன். நீ ஒதுங்கி நில்லு."