தொட்டி நாளு குவார்ட்டர்

ஆஸ்பத்திரி வராண்டாவுல செங்கொடி கையில பிளாஸ்டிக் பேசின வச்சிக்கினு நின்னா. சோப்பு போட்டு, மண்ணு போட்டு, தேய்ச்சி தேய்ச்சி கழுவிட்டா. ஓரத்துல இருந்த செவப்பு மட்டும் போவவே இல்ல. காத்தால அவ நைனா அதுலதான் வாந்தி எடுத்தாரு. மொதல்ல கறுப்பா காபித்தூள் மாதிரி வந்துச்சு. அப்புறம் கட்டி கட்டியா ரத்தம். அவ அம்மா வேம்பு கத்தல, அழல. தெருவுக்கு ஓடிப்போயி நடு ரோட்டுல நின்னு ஆட்டோவ மறிச்சிது.

அம்மா இப்ப இங்க இல்ல. ரத்தம் குடுக்க ஆளு வேணும்னாங்க. அதான், எறா உரிக்கிற ஷெட்டுல கேட்டுப் பாக்குறேன்னு ராயபுரம் போயிருக்குது.

உள்ள கட்டில்ல நைனா, டில்லிபாபு. மூக்கு வழியா குழாய வுட்டு, உள்ள பலூன ஊதி, குழாய் நகராம இழுத்துக் கட்டியிருந்தாங்க. பலூன்தான் ரத்தம் வராம அமுக்கிக்கினு கீதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க. பேச முடியாது. கண்ணு மட்டும் செங்கொடி போற பக்கம் எல்லாம் வந்துச்சு.

கட்டில் பக்கத்துல ஸ்டூல போட்டு மேஸ்திரி ஸ்டானிஸ்லாஸ் குந்திக்கினு இருந்தாரு. வெள்ள சட்ட, கழுத்துல சிலுவ. எளநி வாங்கியாந்திருந்தாரு. குழாய் வுட்டிருக்கிற ஆளு எப்படி எளநி குடிப்பாருன்னு யோசிக்கல போல.

டாக்டரம்மா வந்தாங்க. சின்ன வயசு, தூத்துக்குடி பக்கம். சுகிர்தம்னு கோட்டுல பேரு இருந்துச்சு.

"இவரு குடிப்பாரா?"

செங்கொடி வாயத் தொறக்குறதுக்குள்ள மேஸ்திரி எழுந்தாரு. "குடிப்பான் டாக்டர். பொய் சொல்லக் கூடாது பாருங்க. தொட்டி நாளுக்கு ஒரு குவார்ட்டர். என் கையாலதான் குடுக்குறேன், வருசக்கணக்கா."

கட்டில்ல நைனா கைய அப்படியும் இப்படியும் ஆட்டுனாரு. மேஸ்திரி சிரிச்சாரு. "பாருங்க, இப்பவும் கேக்குறான்."

"நீ சொல்லும்மா. மகதான? எத்தன வருசமா குடிக்காரு?"

செங்கொடி தலையக் குனிஞ்சிக்கினா. பேசினத் திருப்பித் திருப்பிப் புடிச்சா.

"பேரு செங்கொடி டாக்டர்," மேஸ்திரி சொன்னாரு. "இவ தாத்தா ஹார்பர்ல யூனியன் ஆளு, ஆசையா வச்சாரு. பேரு இருந்து இன்னா, வாயி இல்ல."

டாக்டரம்மா எழுதிக்கினு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க.

அவங்க எழுதுனது தப்பு. அது தப்புன்னு செங்கொடிக்குத்தான் நல்லாத் தெரியும்.

நைனா வேல செய்யிறது பிளாஸ்டிக் பைப்புக்கு வெள்ளப் பவுடர் காய்ச்சுற கம்பெனில. கம்பெனி ஆளு இல்ல, மேஸ்திரியோட ஆளு. பவுடர் காய்ச்சுற தொட்டி சுவத்துல ஏடு புடிச்சிக்கும். மேல இருக்கிற ஓட்டை வழியா ஆளு எறங்கி, உளியும் சுரண்டியும் வச்சி அத்தப் பேத்து எடுக்கணும். உள்ள இனிப்பா ஒரு வாசன வருமாம். கொஞ்ச நேரத்துல தல கிறுகிறுக்கும். சிரிப்பு வரும், காலு தரையில நிக்காது. மேல ஏறி வந்தா மேஸ்திரி ஒரு ஆளுக்கு ஒரு குவார்ட்டர், ரெண்டு வாழப்பழம். பிராந்தி போட்டாத்தான் ரத்தத்துல ஏறுன கேஸ் எறங்கும்னு அவங்களுக்குள்ள ஒரு பேச்சு. வேணாம்னு சொல்ற ஆள மறு தொட்டிக்குக் கூப்புட மாட்டாரு. "நம்ம கூட சேராதவன் உள்ள மயங்கி வுழுந்தா எவன் தூக்குறது"ம்பாரு. அதனால நைனாவோட எறங்குற ஷாகுல் ஹமீது பாய் கூட வாங்கி இடுப்புல சொருகிக்குவாரு.

நைனாவும் வாங்குவாரு. தெருவுல தள்ளாடிக்கினு வருவாரு. இடுப்புல பாட்டிலு துருத்திக்கினு தெரியும். கொழாயடில பொம்பளைங்க மூஞ்சத் திருப்பிக்குவாங்க. வூட்டுக்குள்ள வந்ததும் பாட்டில செங்கொடி கையில குடுத்துட்டு, மோரு கேட்டுப் படுத்துக்குவாரு. ஒரு சொட்டு கூட அவரு நாக்குல பட்டதில்ல. அவங்கப்பன் குடிச்சே செத்தவரு.

பாட்டில பள்ளிக்கூடப் பையில வச்சி, நோட்டு வாங்குற மாதிரி போயி செல்லக்கனியக்கா கடையில குடுக்குறது செங்கொடி வேல. அக்கா பதிலுக்கு அரிசியோ சோப்போ நோட்டோ குடுக்கும். ஹார்பர் கேட்டுக்காக ரோட்டுல காத்துக் கெடக்குற டிரெய்லர் டிரைவருங்களுக்கு அக்கா அத்த வித்துக்கும். "ஏ புள்ள, வெளிய மூச்சு விட்டுராத. போலீசு வந்தா என் கடைய மூடுவான், உங்கப்பனத் தூக்கிட்டுப் போவான்"னு அப்பப்ப சொல்லும். அந்த பயத்துலதான் காத்தால டாக்டரம்மா கேட்டப்ப அவ வாயத் தொறக்கல.

மேஸ்திரி போவும்போது அவள வராண்டாவுக்குக் கூப்புட்டாரு. குரல எறக்கிப் பேசுனாரு.

"தோ பாரு கண்ணு. வேலையில வந்த நோவுன்னு டாக்டர் எழுதிட்டா கம்பெனி தலையில வுழும். வைத்தியம், படுத்துக் கெடக்குற நாளு கூலி, எல்லாம் கேப்பாங்க. கேட்டா இன்னா ஆவும்? கம்பெனிக்காரன் என் கான்ட்ராக்ட்டப் புடுங்கிடுவான். உங்க நைனாவோட சேத்து அத்தன பேரும் நடுத்தெருவுல நிப்பானுங்க. குடின்னு எழுதுனா ஒரு பேஜாரும் இல்ல. பொழைச்சி வரட்டும், கேட்டுல குந்துற வேல வாங்கித் தரேன். நான் கெட்டவனா சொல்லு?"

அவ தலையாட்டுனா. எதுக்கு ஆட்டுனான்னு அவளுக்கே தெரியல.

சாயங்காலம் டாக்டரம்மா மறுபடி வந்தாங்க. இந்த தபா யாரும் கூட இல்ல. நைனாவோட கண்ண இழுத்துப் பாத்தாங்க. சட்டையத் தூக்கி, வயித்துல விரல வச்சித் தட்டித் தட்டிக் கேட்டாங்க. தொப்புளச் சுத்தி ரெண்டு மூணு நீல நரம்பு புழு மாதிரி தெரிஞ்சிது. அப்புறம் எடது விலாவுக்குக் கீழ கைய வச்சவங்க எடுக்கவே இல்ல.

"இங்க பாரமா இருக்குன்னு சொல்வாரா?"

"ஆமா டாக்டர். கல்லு வச்ச மாரி கீதும்பாரு. ரெண்டு வாயி சோறு துன்னா வயிறு ரொம்பிடும்."

"மலம் கறுப்பா போயிருக்கா? தார் மாதிரி?"

"போவும். தொட்டி அழுக்கு எறங்குதும்பாங்க. கூட வேல செய்யிறவங்க அத்தக் கேட்டா சந்தோசப்படுவாங்க. நல்லா கிளீனா ஆயிட்டடா டில்லின்னுவாங்க."

டாக்டரம்மா ஸ்டூலப் பக்கத்துல இழுத்தாங்க. "அது ரத்தம்மா. உள்ள கசிஞ்ச ரத்தம்."

ஸ்டூலுல குந்திக்கினு, சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்க. கொடல்லேர்ந்து கல்லீரலுக்கு ஒரு பெரிய ரத்தக்கொழா போவுது. கல்லீரலுக்குள்ள அதோட வழி அடைச்சிக்கிச்சி. வந்த ரத்தம் நிக்காது, வேற வழி தேடும். சோறு எறங்குற கொழாயோட சுவர்ல மெல்லிசு மெல்லிசா நரம்பு இருக்கு, தொப்புளச் சுத்தி இருக்கு, ஆசனவாயில இருக்கு. எல்லாத்துலயும் பூந்து போவும். அந்த நரம்புங்க அவ்ளோ ரத்தத்தத் தாங்காது. வீங்கி வீங்கி ஒருநா வெடிச்சிடும்.

செங்கொடிக்கு அவங்க தெருதான் கண்ணுல வந்துச்சு. ஹார்பர் கேட்ட மூடுனா டிரெய்லருங்க எண்ணூர் ரோட்டுல நின்னு நின்னு பாத்துட்டு, அவங்க சந்துக்குள்ள பூந்துடும். போன மழையில ஒரு வண்டி திரும்ப முடியாம எதுத்த வூட்டு சுவத்த இடிச்சித் தள்ளிடுச்சி. சந்து இன்னா பண்ணும் பாவம்.

"குடிச்சாலும் இப்படி வரும்," டாக்டரம்மா சொன்னாங்க. "ஆனா அதுல கண்ணு மஞ்சளாவும், வயித்துல தண்ணி நிக்கும், ஆளு உருக்குலைஞ்சி போவாரு. இவருக்கு அதெல்லாம் காணல. மண்ணீரல் மட்டும் இம்புட்டு பெருசா கெடக்கு." நைனா கையத் தூக்கிப் பாத்தாங்க. விரல் நுனியெல்லாம் சப்பையா, குட்டையா, நகம் அகலமா இருந்துச்சு. "இது எப்பலேர்ந்து?"

"தெரியல டாக்டர். தொட்டில எறங்குற எல்லாருக்கும் அப்டித்தான். தவக்கள விரலுன்னு கிண்டல் பண்ணிக்குவாங்க. ஐஸ் தொட்டா வெள்ளையா பூடும்."

அப்பதான் அவ வாயிலேர்ந்து உண்மை வெளிய வந்துச்சு. நைனா கண்ணு அவளையே பாத்துக்கினு இருந்துச்சு, அதுவா, இல்ல டாக்டரம்மா அந்த விரலக் கீழ வைக்காம புடிச்சிக்கினு இருந்ததா, தெரியல. பாட்டிலு, பள்ளிக்கூடப் பை, கட, அரிசி எல்லாத்தையும் கிசுகிசுன்னு சொல்லிட்டா. சொல்லும்போது வாசப்பக்கம் பாத்துக்கினே இருந்தா, எந்நேரமும் போலீசு வந்து நிக்கும்னு. கடைசில, "எங்க நைனா குடிக்க மாட்டாரு டாக்டர்"னு சொன்னப்ப சத்தமே வரல, காத்துதான் வந்துச்சு.

டாக்டரம்மா திட்டல. போலீசுன்னு ஒரு வார்த்த சொல்லல.

"நான் நம்புதேன். அந்தத் தொட்டிக் கேஸுதான் ஈரலக் கெடுத்திருக்குன்னு நெனைக்கேன். ஆனா நீ மக. அப்பாவக் காப்பாத்தப் பொய் சொல்லுதாள்னு பெரிய டாக்டர் சொல்வாரு. மேஸ்திரி வேற என் கையால குடுத்தேங்காரு. கூட எறங்குறவங்க வரட்டும். வந்து சொல்லட்டும், அவங்க வயித்தையும் தொட்டுப் பாக்கேன். ரத்தமும் வேணும்மா. ரத்தம் ஏத்துனாத்தான் அந்த நரம்புங்கள ரப்பர் வளையம் போட்டுக் கட்ட முடியும்."

கீழ இருந்த ஒத்த ரூவா போன்லேர்ந்து செங்கொடி செல்லக்கனியக்கா கடைக்குப் பேசுனா. அக்கா மொதல்ல திட்டுச்சி. அப்புறம், "பாயிகிட்ட சொல்லுதேன். என் பேரு வரப்படாது"ன்னு வச்சிடுச்சி. ராத்திரி அம்மா வந்துச்சு, தனியா. ஷெட்டுல யாரும் வரல. அம்மா குடுக்குறேன்னதுக்கு ஒடம்புல ரத்தமே இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

மறுநாள் மத்தியானம் நாலு பேரு வந்தாங்க. ஷாகுல் பாய், ஜேக்கப்பு, இன்னும் ரெண்டு பேரு. காத்தால ஒரு தொட்டி. லீவு கேட்டா மேஸ்திரி தரல. மேல ஏறுனதும் மூஞ்சி கூட கழுவாம பஸ்ஸப் புடிச்சிட்டாங்க. தலமயிரு, புருவம் எல்லாம் வெள்ளப் பவுடரு. ஜேக்கப்பு சுவத்தப் புடிச்சிக்கினு நடந்தாரு. காலு அங்க ஒண்ணும் இங்க ஒண்ணுமா போச்சு.

"இன்னா கொடி, பயந்துக்கினியா," பாய் சிரிச்சாரு. கேஸு சிரிப்பு, அடங்கவே மாட்டேங்குது. "உங்க நைனாவுக்கு என் ரத்தம் ஏறட்டும், வெள்ளிக்கெழம ஆனா தானா மசூதிக்குப் போவாரு பாரு."

"ஏறுனா பிரியாணிதான் கேப்பான்," ஜேக்கப்பு சொன்னாரு.

"டாக்டராண்ட சொல்லுவீங்கல்ல பாய்? மேஸ்திரி தெரிஞ்சா..."

பாய் சிரிப்ப நிறுத்துனாரு. "சொல்றோம். தெரிஞ்சா தெரியட்டும். எனக்கும் போன மாசத்துலேர்ந்து தாரு மாதிரிதான் போவுது."

ரத்தம் எடுக்குற ரூம்பு வாசல்ல குந்தியிருந்த ஆஸ்பத்திரி ஆளு நிமிந்து பாத்தாரு. நாலு பேரும் நிக்குற நெலயப் பாத்தாரு. இடுப்புல துருத்திக்கினு இருந்த பாட்டிலப் பாத்தாரு.

"குடிச்சிட்டு ரத்தம் குடுக்க வந்தியா? வெளிய போ."

"குடிக்கல சார்," பாய் சொன்னாரு. "தொட்டில கேஸு, அதான் தல சுத்துது. இன்னிக்கி ரத்தம் குடுக்கணும்னு எவனும் மூடியக் கூடத் தொடல."

"எங்க ஊது." ஜேக்கப்பு ஊதுனாரு. அந்த இனிப்பு வாசன. அந்தாளு மூக்கப் பொத்திக்கினாரு. "இத்த வேற நான் மோந்து பாக்கணும்."

செங்கொடி ஜேக்கப்பு இடுப்புலேர்ந்து பாட்டில உருவி நீட்டுனா. "அண்ணே, சீலப் பாருங்கண்ணே. ஒடைக்கவே இல்ல. நாலும் அப்டியே கீது பாருங்க."

அவரு பாக்கல. "பாட்டில ஆஸ்பத்திரிக்குள்ள எடுத்தாந்ததே தப்பு"ன்னு வாட்ச்மேனக் கூப்புட்டாரு. வாட்ச்மேன் நாலு பாட்டிலையும் வாங்கித் தொப்பிக்குள்ள போட்டுக்கினாரு. "நடங்கய்யா, நடங்க"ன்னு முதுகுல கைய வச்சாரு.

"பாய், படியிலயே குந்துங்க, எங்கியும் போவாதீங்க. டாக்டரக் கூட்டியாறேன்." செங்கொடி மாடிக்கு ஓடுனா.

டாக்டரம்மா யாருக்கோ குழாய் வுட்டுக்கினு இருந்தாங்க. கதவு மேல செவப்பு பல்பு எரிஞ்சிது. அது அணையிற வரைக்கும் செங்கொடி நகத்தக் கடிச்சிக்கினு நின்னா. அவங்க வெளிய வந்ததும் நடந்ததச் சொன்னா. டாக்டரம்மா கிளவுஸ கூடக் கழட்டாம அவ பின்னாடியே எறங்கி வந்தாங்க.

படியில யாரும் இல்ல, வாட்ச்மேன் வெரட்டி வுட்டுட்டாரு. வெள்ளப் பவுடரு மட்டும் சிந்தியிருந்துச்சு.

"எங்கம்மா?"

செங்கொடி கேட்டுப் பக்கம் கைய நீட்டுனா. ரோட்டுல டிரெய்லருங்க நகராம நின்னுக்கினு இருந்துச்சு. அதுங்க நடுவுல நாலு பேரு, ஒருத்தர் தோள ஒருத்தர் புடிச்சிக்கினு, அந்தப் பக்கம் சாஞ்சி, இந்தப் பக்கம் சாஞ்சி போயிக்கினு இருந்தாங்க. ஒரு டிரைவரு தல நீட்டி ஏதோ கத்துனான். பாய் அவனுக்கு சலாம் வச்சிச் சிரிச்சாரு.

"அவங்கதானா?" டாக்டரம்மா கேட்டாங்க.

செங்கொடி "ஆமா"ன்னா. டாக்டரம்மா கண்ண எடுக்காம ரோட்டையே பாத்துக்கினு நின்னாங்க.

பின்னாடி வாட்ச்மேன் ரூம்புக்குள்ள, மொறுக்னு ஒரு பாட்டிலோட சீலு ஒடையிற சத்தம் கேட்டுச்சு.