கதிர் வைத்த சாய்மணை

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பின்வாசலில், சாக்கு சுற்றிய சாமானை இறக்கி வைத்துவிட்டு அங்கம்மா காத்து நின்றாள். அவள் புருஷன் ஐயாசாமி வேலிக்கு வெளியிலேயே நின்று தலைப்பாகையை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து மலாயாவின் குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் பாதிப் பேருக்குப் பால்வெட்டு இல்லை. வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் மூட்டை கட்டிவிட்டாள். ஐயாசாமிக்குத் தச்சுவேலை தெரியும் என்பதால் ஒரு வழி திறந்தது. கிராணி கனகசபையின் மனைவி செல்லப்பாக்கியம், யாழ்ப்பாணத்துக்காரி, அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்: "சாய்மனைக் கதிரை ஒண்டு செய்து தா. வடிவா இருந்தா, ஐயாட்டச் சொல்லித் தோட்டத்துத் தச்சனா வைக்கிறன்." சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வந்த, உட்காருகிற சீமைச் சாமானைக் கறையான் தின்று, கிராணி பொத்தென்று விழுந்தது தோட்டமே சிரித்த கதை.

"மணை தெரியும். கதிரைன்னா என்னாங்க?" என்று அன்றைக்கே அங்கம்மா புருஷனைக் கேட்டாள்.

"நெல்லுக்கதிரு செதுக்கின வேலைப்பாடா இருக்கும் புள்ள. திரும்பப் போயி கேட்டா, இவனுக்கு ஒண்ணும் தெரியாதும்பாங்க."

செல்லப்பாக்கியம் கைக்குழந்தையோடு வெளியே வந்தாள். அங்கம்மா சாக்கை அவிழ்த்தாள். வழவழவென்று இழைத்த, செங்கால் என்னும் வைரம் பாய்ந்த காட்டு மரம். தரையோடு ஒட்டிய மணை, அதற்குச் சாய்வாக ஒரு முதுகு, முதுகு நிறைய முற்றித் தலைசாய்த்த கதிர்கள்.

"இதென்னடி?"

"சாய்மணைங்கம்மா. கதிரு வெச்சது."

செல்லப்பாக்கியம் மணையைப் பார்த்தாள். கதிரைப் பார்த்தாள். அப்புறம் சிரிப்பு பொங்கிவிட்டது. "கதிரை எண்டா நாற்காலியடி!"

அங்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரிலிருந்து வந்தபோது கப்பலின் அடித்தட்டில் குடித்த தண்ணீரின் துரு நாற்றம் மறுபடி மூக்கில் ஏறியது; திரும்பவும் அதே கப்பல்தானா?

சிரித்துக் களைத்த செல்லப்பாக்கியம் மணையிலேயே உட்கார்ந்தாள். முதுகு தானாகச் சாய்ந்தது. கால் நீண்டது. குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டாள்.

"பிள்ளை பெத்த நாள் துவக்கம் சுவரிலதான் சாஞ்சு கிடந்தனான்," என்றாள் கண்ணை மூடியபடி. "எழும்ப மனமில்லை."

அங்கம்மா ஓரடி முன்னால் வந்தாள். "ஒரு ஆணி கெடையாதுங்கம்மா. இந்தக் காட்டு மரம். கறையான் வாய வெச்சா அதும் பல்லுதான் போவும்."

"கறையானுக்குப் பல்லோ!" மறுபடி சிரிப்பு. "இது எனக்கு. ஐயாவுக்கு நாலு கால், ரெண்டு கை, பிரம்பு பின்னினது ஒண்டு செய்யச் சொல்லு. அதில கதிர் வேண்டாம்."

வேலிக்கு வெளியே ஐயாசாமியின் தலைப்பாகை ஒருவழியாகத் தலையில் நின்றது.

அதற்குப் பிறகு கூலிகள் குடியிருக்கும் லயத்தில், தோட்டத்துத் தச்சனாகிவிட்ட ஐயாசாமிக்குக் 'கதிரு ஆசாரி' என்றே பெயர். ஐயாசாமி கோபித்துக்கொள்வதாக நடிப்பான்.

கிராணியின் நாற்காலி ஆபீஸ் வராந்தாவுக்குப் போனது. காலையில் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையாக நிற்க, அவர் அதில் சாய்ந்து பேர் கூப்பிட்டார். அதன் கைகளைச் சொரசொரப்பான காட்டு இலை போட்டுத் தேய்த்து மெருகேற்றியவள் அங்கம்மா. பனியில் அவை மினுங்குவதை வரிசையில் நின்றே பார்த்தாள்.

"அங்கம்மா."

"இருக்கேங்க."

பக்கத்தில், கப்பலேறிவிட்ட பேச்சியம்மாள் வழக்கமாக நின்ற இடத்தில் ஈரப் புல் மட்டும் இருந்தது. கிராணி அந்தப் பேரைக் கூப்பிடாமல் தாண்டிப் போய், இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். நாற்காலி முனகவே இல்லை.