பதினொரு மணிப் பனி

ஈரானியப் புத்தாண்டு விடுமுறை அது. அல்போர்ஸ் மலைக்கு எங்கள் மலையேற்றச் சங்கத்திலிருந்து ஆறு பேர் போயிருந்தோம். விடியுமுன், தங்கியிருந்த குடிலை விட்டுக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் பெரிய சரிவைக் கடந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வசந்தத்தில் இரவு இறுகிய பனி காலையில் ஆளைத் தாங்கும். வெயில் பட்டால் ஊறிய ரொட்டிதான். தலைவர் கியூமர்ஸோ சாவகாசமாக முட்டை பொரித்துத் தின்றுவிட்டு ஒன்பது மணிக்குத்தான் பையை மாட்டினார்.

சரிவின் கீழே போய் நின்றபோது பதினொன்று. முழங்கால் வரை புதைந்தது. மேலே பாறையடியிலிருந்து பனி உருண்டைகள் தாமாகவே உருண்டு வந்தன. மொத்தப் பனியும் பெயரப்போவதற்கு அதுதான் அறிகுறி.

"இன்னிக்கு வேண்டாம் தலைவரே. திரும்பிடலாம்," என்றேன்.

"முப்பது வருஷமா ஏறுறேன். பயமா இருந்தா குடிலுக்குப் போய் பாத்திரம் கழுவு, மெஹ்ரங்கீஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். என் பள்ளித்தோழி தரானேயும் சிரித்தாள். அவளைத் தனியே அழைத்து, "நீயாவது வாடி," என்றேன்.

"எல்லாரும் போறப்ப நான் மட்டும் எப்படித் திரும்புறது? நீ போ, வந்துடறேன்."

இருநூறு அடி இறங்கியிருப்பேன். லாரி ஜல்லி கொட்டுவது போலச் சத்தம். திரும்பினால் பாதிச் சரிவைக் காணோம். நான்கு பேர் ஓரத்தில் எழுந்து நின்றார்கள். தரானே இல்லை.

ஓடிப்போய்த் தோண்டினேன். ஈரப்பனி நின்றதும் சிமென்ட் மாதிரி இறுகிவிடும், மண்வெட்டி எகிறியது. நாற்பது நிமிடம் கழித்து அவள் முகம் தெரிந்தது. மூச்சு இல்லை.

கியூமர்ஸ் சங்கத்துக்கு எழுதிய அறிக்கையில் சரிவை அடைந்த நேரம் காலை ஏழு என்றிருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை.

"அப்ப நீ பாதியில விட்டுட்டு ஓடினதையும் எழுதணும்," என்றார் கியூமர்ஸ்.

தரானேயின் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வாசலிலேயே நின்று கேட்டார்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் எப்படி அவளை விட்டுட்டு வந்தே?"

"கூப்பிட்டேன்மா."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான்கு கையெழுத்தே போதும் என்று சங்கம் அறிக்கையை ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதப் பயணத்துக்கும் கியூமர்ஸ்தான் தலைவர்.