மார்செய் கவுண்ட்டரில் ஒரு சீட்

ஐரோப்பா முழுக்க ரயிலில் சுற்றலாம் என்று சொல்லி விற்கிறார்களே ஒரு பாஸ், அதைக் கண்டுபிடித்தவன் மட்டும் கையில் கிடைத்தால் தொலைத்துவிடுவேன் என்று மூன்று வாரமாக நான் திட்டாத நாள் கிடையாது. பாஸ் இருந்தாலும் வேக ரயில்களுக்குத் தனியாக சீட் ரிசர்வ் செய்ய வேண்டும். பாஸ்காரர்களுக்கென்று ஒவ்வொரு ரயிலிலும் கொஞ்சம் சீட்தான். அது தீர்ந்துவிட்டால் பெட்டி காலியாகப் போனாலும் நமக்கு இடமில்லை. மிலானில் அப்படித்தான் ஒரு ரயில் கண்ணெதிரே போனது. ஜெனோவாவுக்கு முன்னால், அன்றைய பயணத்தை போனில் பதியாமல் ஏறிவிட்டோம் என்று பரிசோதகர் எங்களை நடுவழியில் இறக்கிவிட்டார். சிக்னல் கிடைக்கவில்லை என்று நான் கெஞ்சியது எடுபடவில்லை.

என் காதலி போரோக்கா அப்போதும் சிரித்தாள். "கோவிச்சுக்காதடா கெல்லேர்ட். இந்தப் பாஸ் எங்க மாமா மாதிரி. எப்ப வேணா வீட்டுக்கு வாங்கம்பார். போய் நின்னா கதவு பூட்டியிருக்கும்."

ஹங்கேரியில் செகெட் எங்கள் ஊர். கல்லூரி நாளிலிருந்து சேர்ந்தே இருக்கிறோம். அவளுக்கு ஸ்பெயினில், வலென்சியாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. முதுகில் பையோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கடைசியில் அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஏற்பாடு. அப்புறம் நான் ஊர் திரும்புவதா, அங்கேயே ஒரு வேலை தேடிக்கொண்டு அவளோடு இருப்பதா என்பதுதான் பாக்கி. வெனிஸில் கேட்டேன்.

"வலென்சியா போய்ச் சேந்ததும் சொல்றேன்டா. இப்பவே நச்சரிக்காத."

அதன் பிறகு எந்த ஊரும் என் கண்ணில் படவில்லை. எப்போது வலென்சியா வரும் என்றுதான் இருந்தது.

பிரான்ஸில், மார்செய் ஸ்டேஷனுக்குக் காலையிலேயே போய்விட்டோம். வலென்சியா போகிற வழியில் இருக்கிற பார்சிலோனாவுக்கு நேரே போகிற ரயில் ஒன்றுதான். கவுண்ட்டரில் பெரிய வரிசை.

"நான் நிக்கிறேன், நீ பையைப் பாத்துக்கோ. உன்னை விட்டா சண்டை போட்டுட்டு வருவ" என்றாள். அது உண்மைதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த சலாமி இறைச்சியில் மிச்சமிருந்ததை நறுக்கி அவளுக்கு ரொட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தவள் கையில் ஒரே ஒரு டிக்கெட். "பாஸ்காரங்களுக்கு ஒரு சீட்தான் பாக்கியாம்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரயில் பூரா காலியாத்தான் போகும். இரு, நான் போய்க் கேக்கறேன்."

"வேணாம், நான் கேட்டுட்டேன்." என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குக் காலைல நான் ஹாஸ்டல்ல சேரணும். இன்னிக்கு நான் போறேன். நீ நாளைக்கு வா."

"சின்ன ரயிலா மாறி மாறிச் சேந்தே போலாமே."

"ராத்திரி பூரா ஏதாவது ஸ்டேஷன்ல கெடக்கணும். என்னால முடியலடா."

பாவம், களைத்துப் போயிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் பையைப் பிளாட்ஃபாரம் வரை நானே சுமந்தேன். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஒரு நாளைக்கா இந்த அழுகை? நாளைக்கு சாயங்காலம் உன் பக்கத்துல இருப்பேன்" என்று கேலி செய்தேன். அவள் கண்ணைத் துடைத்தபடி ஏறிக்கொண்டாள்.

ரயில் போனதும் நேரே கவுண்ட்டருக்குப் போனேன். நடுவயதுப் பெண்மணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பாஸைக் காட்டினேன்.

"நாளைக்கு பார்சிலோனாவுக்கு ஒரு சீட் மேடம். இன்னிக்கு மாதிரி தீந்து போறதுக்குள்ள குடுத்துடுங்க."

"இன்னைக்கா? இன்னைக்குத் தீரலையே தம்பி. பாஸ் சீட் நெறைய மிச்சம்."

"இல்ல மேடம், என் ஃப்ரெண்டு வந்து கேட்டா. பச்சை ஸ்கார்ஃப் போட்ட பொண்ணு. ஒண்ணுதான் இருக்குன்னு சொன்னீங்களாம்."

"ஓ, அந்தப் பொண்ணா. அவ ஒண்ணுதான் கேட்டா. பாஸ்ல வர்றவங்க ஜோடியாத்தானே வருவாங்க, அதான் ரெண்டு பேரான்னு நானே கேட்டேன். இல்ல, தனியாத்தான் போறேன்னா."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் என் முகத்தைப் பார்த்தாள். கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

வலென்சியாவில் சொல்வதாக இருந்த பதிலை, என்னிடம் சொல்ல முடியாமல் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மூன்று வாரமாக என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு, எந்தப் பொய்யைச் சொன்னால் நான் மறுபேச்சில்லாமல் நம்புவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நாளைக்கும் சீட் இருக்கு தம்பி" என்றாள் அந்தப் பெண்மணி மெதுவாக. "போடட்டுமா?"

"வேணாம் மேடம். ஊருக்குத் திரும்பணும். ஹங்கேரி."

அவள் திரையைப் பார்த்தாள். "நீஸ் வழியா சின்ன ரயில்லயே போயிடலாம். ரிசர்வேஷன் எதுவும் வேணாம், பாஸே போதும். நீங்க ஒரு ஆள்தானே?"

வரிசையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.