நானூற்றுப் பன்னிரண்டாவது மெயில்

எதிர்வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் மூன்று வாரமாகப் பேசிக்கொள்ளவில்லை என்பதை எங்கள் மாடியில் முதலில் கண்டுபிடித்தது நான்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இரண்டு வீட்டுக் கதவுகளுக்கும் நடுவில் ஆறடிதான் இடைவெளி; வேண்டாம் என்றாலும் காதில் விழும். நாத்தனார் "நான் கெளம்புறேன்" என்று பொதுவாகக் கதவிடம் சொல்லிவிட்டுப் போவாள். உள்ளேயிருந்து பதிலுக்குக் கீபோர்டு மட்டும் தடதடக்கும். சண்டை வாஷிங் மெஷினால் வந்தது என்று ஊகித்து, மாடி முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன்.

அண்ணிக்கு எங்கள் மாடியில் தபால்காரி என்று பெயர். யார் வைத்தது என்று கேட்காதீர்கள். அவள் பார்த்துக்கொள்வது ஒரு மென்பொருளை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கம்ப்யூட்டரில் எழுதும் மருந்தளவை எடுத்து, பாட்டிலின் மேல் ஒட்டும் சீட்டாக அச்சடித்துத் தரும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் வந்த திருத்தத்தைச் சேர்ப்பதா தள்ளுவதா என்று முடிவு செய்கிறவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி இவள். இன்னொருவரைத் 'தாடி' என்பாள். ஒன்பது வருஷமாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள்; நேரில் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை, போன் நம்பர்கூடத் தெரியாது. மெயிலின் ஓரத்தில் பொட்டளவுக்கு ஒரு படம், அதில் ஒரு தாடி. அவ்வளவுதான் அறிமுகம்.

திருத்தம் அனுப்புகிறவர்கள், குறை சொல்கிறவர்கள், அவர்களுக்குள் சண்டை போட்டுக்கொள்கிறவர்கள் எல்லோரும் எழுதுவது ஒரே பொது முகவரிக்கு. அதற்கு 'லிஸ்ட்' என்று பெயர். ஒரு நாளைக்கு முந்நூறு மெயில். வீட்டில் யாராவது அந்த மென்பொருளைப் பற்றி வாயைத் திறந்தால்கூட, "லிஸ்ட்டுக்கு மெயில் போடுங்க, பேச்சுல சொன்னா மறந்துடுவேன்" என்பாள். "தண்ணி மோட்டார் ஓடலை, லிஸ்ட்டுக்குப் போட்டுடட்டுமா?" என்று அவள் புருஷன் கேட்டது ஒருநாள் எங்கள் சமையலறை வரை கேட்டது.

அன்று மத்தியானம் மூன்றடிக்கப் பத்து நிமிஷம். இஸ்திரிப் பெட்டி இரவல் கேட்டு நான் அங்கே போயிருந்தேன். என் வீட்டுப் பெட்டி நன்றாகத்தான் இருந்தது. அது வேறு விஷயம். தபால்காரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "உள்ள அலமாரில இருக்கும், எடுத்துக்கங்கக்கா" என்றாள். நாத்தனார் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்துக் கவுன்ட்டரில் வேலை பார்ப்பவள்; அங்கேயும் சீட்டு அடிப்பது அண்ணியின் மென்பொருள்தான்; அன்று நாலு மணி ஷிப்ட்.

ஒரு செருப்போடு நின்று, என்னைப் பார்த்துச் சொன்னாள். "அக்கா, இன்னைக்கு நாலு மணிக்கு அந்தச் சீட்டு மென்பொருள் புதுசு வருதாம். அந்தப் புள்ளி விஷயத்தைச் சரி பண்ணியாச்சான்னு கேட்டுச் சொல்லுங்க."

"எந்தப் புள்ளின்னு கேளுங்கக்கா" என்றாள் தபால்காரி, அவளும் என்னிடமே.

எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. ஆனால் நடுவில் நின்று நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"தெரியாத மாதிரி கேக்குறாங்க பாருங்க! சோதிச்சுப் பாருங்கன்னு எங்க ஆஸ்பத்திரில ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் முன்னாடியே போட்டுக் குடுத்தாங்கல்ல? அதுல டாக்டர் சைபர் போடாம வெறும் புள்ளி அஞ்சுன்னு எழுதினா, புள்ளியை முழுங்கிட்டு அஞ்சுன்னு சீட்டு அடிக்குது. அரை மில்லி குடுக்க வேண்டிய குழந்தைக்கு அஞ்சு மில்லி! மூணு வாரத்துக்கு முன்னாடி வீட்டுல சொன்னேன். லிஸ்ட்டுக்குப் போடுன்னாங்க. போட்டேன்."

கீபோர்டு சத்தம் நின்றது. அந்த வீட்டில் கீபோர்டு சத்தம் நின்று நான் கேட்டதே இல்லை.

"எனக்கு அப்படி எதுவும் வரலையே" என்றாள் தபால்காரி. மூன்று வாரத்தில் நாத்தனாரை நேராகப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அது.

"வரலையா? பதில் வேற போட்டீங்களே அண்ணி! 'எழுதும் முன் விதிகளைப் படிக்கவும். முறைப்படி மறுபடி அனுப்பவும்.' கீழ உங்க பேரு. அடுத்த ரூம்ல இருக்குறவளுக்கு!"

வாஷிங் மெஷின் கதை அந்த நிமிஷமே செத்தது. மாடி முழுக்கத் திருத்தம் சொல்லி வர வேண்டும்.

தபால்காரியின் முகம் வெளுத்துப்போனது. "அது நான் எழுதலை" என்றாள். பிறகு, "எழுதுற மாதிரி செஞ்சு வச்சது நான்தான்" என்றாள்.

நடந்தது இதுதான். லிஸ்ட்டில் நாலு மாதமாக ஒரு சண்டை: அச்சடிக்கும் பொத்தான் பச்சையா, நீலமா? அறுநூறு மெயிலைத் தாண்டிவிட்டது. வெறுத்துப்போய், அந்தச் சண்டையைச் சேர்ந்த எதையும் என் கண்ணில் காட்டாதே, குப்பையில் போடு என்று இவள் தன் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டாள். நாத்தனார் மெயில் போட உட்கார்ந்தபோது லிஸ்ட்டின் முகவரி தெரியவில்லை. ஆஸ்பத்திரியின் மெயில் பெட்டியில் லிஸ்ட்டிலிருந்து கடைசியாக வந்திருந்த மெயிலைத் திறந்து, 'பதில்' என்பதை அமுக்கி, பழைய தலைப்பை அழித்துவிட்டுத் தன் விஷயத்தை எழுதினாள். நானும் அப்படித்தான் செய்வேன், நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். மனுஷக் கண்ணுக்கு அது புது மெயில். கம்ப்யூட்டருக்கு அது பச்சை நீலச் சண்டையின் வால். போய் அந்தக் குப்பையில் விழுந்தது. லிஸ்ட்காரர்களுக்கு இந்தத் தப்பு கொலைக்குற்றம். இப்படிச் செய்கிறவர்களுக்குத் தானாகவே ஒரு கண்டிப்புப் பதில் போகும்படி இவள் போன வருஷமே ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். நேரம் மிச்சம் என்று நினைத்தாளாம்.

குப்பையைத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டாவதாக இருந்தது. 'வணக்கம். நான் மருந்தாளர், கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. தவறான இடத்தில் எழுதியிருந்தால் மன்னிக்கவும்' என்று ஆரம்பித்தது. தபால்காரி அதற்கு மேல் நிதானமாகப் படிக்கவில்லை. படபடவென்று எதையோ தட்டினாள், சோதனைக்கு ஒரு சீட்டு வரவழைத்தாள். திரையில் 5 என்று பெரிதாக நின்றது. பக்கத்தில் புள்ளியும் இல்லை, சைபரும் இல்லை.

"நிறுத்துங்க அண்ணி, அவ்வளவுதானே" என்றாள் நாத்தனார்.

"நான் மட்டும் நிறுத்த முடியாது. ரெண்டு பேரும் சம்மதிக்கணும்."

இந்த விதியும் ஒரு சண்டையில் பிறந்ததுதான். முன்பு ஒருமுறை யாரோ கோபத்தில் ஒரு வெளியீட்டை நிறுத்திவிட்டுப் போய்விட்டாராம். அன்றிலிருந்து நாள் குறித்த பிறகு எதையும் மாற்ற, நிறுத்த, இரண்டு பேரும் அவரவர் திரையில் அமுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு மணிக்குத் தானாக வெளியாகும். நூற்றெழுபது ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்கள் தானாக எடுத்துக்கொள்ளும்.

தாடிக்கு மெயில் போட்டாள். போன வேகத்தில் பதில் வந்தது. 'மெயில் தாங்க முடியவில்லை. மாதக் கடைசி வரை பார்க்க மாட்டேன். இடையில் வருபவை தானாக அழிக்கப்படும். முக்கியமானால் அடுத்த மாதம் அனுப்புங்கள்.'

"ஜாடிக்கேத்த மூடி" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நாத்தனார் இன்னொரு செருப்பை மாட்டினாள். "நான் போறேன். என் கவுன்ட்டர்ல வர்ற ஒவ்வொரு சீட்டையும் கையால பார்த்துக்குறேன். மத்த ஊர்ல யாரு பார்ப்பா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியில் இறங்கினாள்.

மூன்று இருபது. தபால்காரி லிஸ்ட்டுக்கே எச்சரிக்கை போட்டாள், கொட்டை எழுத்தில். ஒருத்தர் அசையவில்லை. அவர்களுக்கும் ஆளுக்கு முந்நூறு மெயில். நாலைந்து ஆஸ்பத்திரிகளின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தாள். ஒரு இடத்தில் பாட்டுப் போட்டார்கள். ஒரு இடத்தில், "எதுவா இருந்தாலும் மெயில் அனுப்புங்க மேடம்" என்றார்கள்.

மூன்று முப்பத்தைந்து. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நடந்தாள். காலியான நாற்காலியில் நான் உட்கார்ந்து அந்தப் பச்சை நீலச் சண்டையைப் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் சண்டை என்றால் எனக்கு நேரம் போவது தெரியாது. ஒருத்தர் இன்னொருத்தரை 'கண் டாக்டரைப் பார்க்கவும்' என்கிறார், அவர் 'உமக்கு மூளை டாக்டர் வேண்டும்' என்கிறார். கடைசி வரை வந்தேன்.

"இங்க வாம்மா" என்றேன். "உன் தாடி லீவுலதானே இருக்காரு?"

"ஆமா."

"இன்னைக்குக் காலைல பதினொரு மணிக்கு இங்க வந்து சண்டை போட்டிருக்காரு பாரு. நேத்தும் ரெண்டு தடவை."

குனிந்து பார்த்தாள். 'நீலம் என்பது சோம்பேறிகளின் நிறம்' என்று எழுதி, ஓரத்தில் பொட்டளவு தாடி.

"என் மெயிலை அழிச்சுட்டு இதைப் பார்த்துக்கிட்டு இருக்காரா?" என்றாள் தபால்காரி.

"பார்க்க மாட்டேன்னு சொல்றவங்கதான் ஜன்னலோரமா நிப்பாங்க. எனக்குத் தெரியாதா? சும்மா கூப்பிட்டா வரமாட்டாரு. எரியுற மாதிரி எதாவது போடு."

அவள் என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். சண்டையின் அடியில் ஒரே வரி எழுதினாள்: 'விவாதம் முடிந்தது. பொத்தான் நீலம்தான். நாலு மணிக்கு நீலத்திலேயே வெளியாகிறது.' அனுப்பினாள்.

மூன்று நாற்பத்தொன்று. நாற்பத்து மூன்று. சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளை இவ்வளவு சத்தமாக யார் செய்தார்களோ. நாற்பத்தாறில் டிங் என்றது.

'யாரைக் கேட்டு?' என்று தாடி கேட்டிருந்தார்.

தபால்காரி ஒரே மூச்சில் தட்டினாள்: புள்ளி, சைபர், பத்து மடங்கு, நிறுத்த வேண்டும், உடனே அமுக்கவும். சோதனைச் சீட்டையும் சேர்த்து அனுப்பினாள்.

மூன்று ஐம்பதுக்குப் பதில் வந்தது. படித்துவிட்டு அவள் மேஜையில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். 'இந்தப் புகார் தவறான இழையில், பொத்தான் விவாதத்துக்கு நடுவில் வந்திருக்கிறது. தனி மெயிலாக அனுப்பச் சொல்லவும். முறை என்று ஒன்று உண்டு.'

"இவரு மனுஷனா மெஷினா?" என்றேன்.

"நானும் மூணு வாரத்துக்கு முன்னாடி இதையேதான்க்கா சொல்லியிருக்கேன்." எழுத ஆரம்பித்ததை அழித்தாள். வசவு என்பது எனக்குத் தெரிந்தது. அழிக்காமல் அனுப்பியிருக்கலாம் என்று தோன்றியது. "அவளுக்குப் போன் போடுங்க. அவரு கேக்குற மாதிரி அவகிட்ட எதாவது இருக்கும்" என்றாள் தபால்காரி.

நாத்தனார் பஸ்ஸில் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் யாரோ டிக்கெட்டுக்குச் சண்டை.

"அண்ணி, நிறத்தை விடுங்க, முறையை விடுங்க. நான் சொல்றதை அப்படியே எழுதுங்க. குழந்தை எடை ஆறு கிலோ. பேரு எழுத வேணாம். வலிப்பு மருந்து, அரை மில்லி. சீட்டுல அஞ்சு இருந்தா அம்மாக்காரி அஞ்சுதான் ஊத்துவா. சீட்டை நம்பித்தானே ஊத்துறா? முடிஞ்சிடும். எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்" என்றாள் தபால்காரி. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அனுப்பினாள்.

மூன்று ஐம்பத்தைந்து. நிறுத்துவதற்கான தன் பக்கத்துப் பொத்தானை அமுக்கினாள். திரையில் இரண்டு கட்டம். ஒன்றில் டிக் விழுந்தது, இன்னொன்று காலி. ஐம்பத்தாறு. போனில் நாத்தனார், "என்னாச்சு? என்னாச்சுக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாமல் இருந்தேன் என்றால் நிலைமை எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தேழு. தபால்காரியின் விரல் மேஜை விளிம்பைப் பிடித்திருந்த இடத்தில் ரத்தமே இல்லை. ஐம்பத்தெட்டு தாண்டியது.

இரண்டாவது கட்டத்தில் டிக் விழுந்தது. 'வெளியீடு நிறுத்தப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. தாடியிடமிருந்து வேறு ஒரு வார்த்தையும் வரவில்லை.

நாலு பத்துக்கு நாத்தனார் கவுன்ட்டரிலிருந்து கூப்பிட்டாள். "புதுசு எதுவும் எறங்கலை. பழசுதான் ஓடுது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, கூட்டம் நிக்குது. வந்து பேசுறேன்."

"சரிம்மா" என்றாள் தபால்காரி. அதற்குள் லிஸ்ட்டில் மழை ஆரம்பித்துவிட்டது. ஏன் நிறுத்தினீர்கள், யார் நிறுத்தியது, நீலம் என்று எப்போது முடிவானது? டிங், டிங், டிங். அவள் சத்தத்தை அணைத்தாள். எதையும் திறக்கவில்லை. முதலில் அந்தக் கண்டிப்புப் பதிலை நிறுத்தினாள். பிறகு வேறு எங்கோ போய் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து, இமைக்காமல் பார்த்தாள்.

"என்னம்மா அது?"

"அந்தப் பதில் இதுவரைக்கும் யார் யாருக்குப் போச்சுன்னு. இருநூத்திப் பதினாலு பேருக்குப் போயிருக்குக்கா."

"எல்லாரும் மறுபடி முறையா அனுப்பியிருப்பாங்களே?"

"பத்தொன்பது பேரு அனுப்பியிருக்காங்க."

கணக்கு எனக்கு மெதுவாகத்தான் வரும். ஆனால் வந்தது. "மிச்சப் பேரு என்ன சொல்ல வந்தாங்க?"

"தெரியாது. நான் பார்க்கவே இல்லையே."

ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தது. என் வீட்டு அடுப்பில் எதுவும் இல்லை. போய்ப் பற்றவைக்கவும் மனம் வரவில்லை. அவள் பட்டியலில் முதலில் இருந்த மெயிலின் மேல் விரலை வைத்தாள். திறக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"கூட இருங்கக்கா" என்றாள். "நீங்க படிச்சுச் சொல்லுங்க. நான் ஒவ்வொண்ணா குறிச்சுக்கிறேன்."

அடுத்தவர் கடிதங்களை நான் வாழ்க்கையில் நிறையப் படித்திருக்கிறேன். கூப்பிட்டு உட்காரவைத்துப் படிக்கச் சொன்னது அன்றைக்குத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தேதியிலிருந்து ஆரம்பித்தேன்.