நீதிக்கல்லுக்கு அரைத்த மிளகாய்

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைக்க வரிசை நின்றது. களவு கொடுத்தவர்கள் அரைத்து நீதிக்கல்லில் பூசினால் எடுத்தவர் உடம்பு எரியும். பெயர் சொல்லத் தேவையில்லை.

புவனாவின் தோடு பீரோவிலிருந்து காணாமல் போய்ப் பன்னிரண்டு நாள். எடுத்தது தன் அப்பா தனபால் என்று மகள் கனிஷ்காவுக்கு மட்டும் தெரியும். அவள் பார்த்துவிட்டாள்.

"அம்மாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. தீபாவளிக்குள்ள திருப்பி வெச்சர்றேன்," என்று அப்போதே கேட்டுக்கொண்டார்.

கிணத்துக்கடவிலிருந்து மூவரும் ஒரே பைக்கில் வந்தார்கள். மிளகாயை அப்பாவே வாங்கிக் கொடுத்தார்.

"ஆரு மேலயாச்சும் சந்தேகமுங்களா?" என்று பின்னால் நின்ற பெண் கேட்டாள்.

"தெரிஞ்சா இங்க எதுக்குங்க வாரேன்," என்றாள் புவனா. அவளுக்குத் தோள் வலி. பாதியில் குழவியை மகளிடம் தள்ளினாள். "நீ அரை அம்மணி."

கனிஷ்கா அரைத்தாள். கண்ணில் நீர் வந்தது.

போன வாரம் ஒரு சிறுவர் நாவல் படித்திருந்தாள். அதில் வரும் பையனுக்கு அப்பா இல்லை, வீடு இல்லை, டீக்கடையில் அடி. ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொன்னான். கொஞ்சம் வளர்ந்தான். கஷ்டம் அவனை எப்படிப் பெரியவனாக்கியது என்று தமிழ் டீச்சர் கேட்டதற்கு ஒரு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கினாள். அவனுக்கு அப்பா இல்லாதது இப்போது வசதியாகப் பட்டது. அப்படி நினைத்ததற்குப் பயந்தாள்.

அப்பா தூணருகே செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழுதை வழிக்க அம்மா குனிந்தாள்.

"நாந்தானுங்கம்மா எடுத்தேன்."

"என்னது?"

"தோடு."

அம்மா நிமிர்ந்தாள். "அப்ப இத்தன நேரம் ஆருக்கு அரைச்சே?"

அப்பா செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பக்கத்தில் குந்தினார்.

"ஏங் கண்ணு இப்படிப் பண்ணிப்போட்டே?"

குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. ஒரு கணம், தான்தான் எடுத்தோமோ என்று கனிஷ்கா யோசித்தாள். பீரோவைத் திறந்தது எந்தக் கை என்று பார்த்தாள். இரண்டும் சிவந்திருந்தன.

"எங்க வெச்சிருக்கே?" என்றாள் அம்மா.

கனிஷ்கா அப்பாவைப் பார்த்தாள். அவர் மிளகாயைப் பார்த்தார்.

"ஏனுங்க, ஆச்சுங்களா?" என்றாள் பின்னால் நின்றவள்.

கனிஷ்கா விழுதை இரு கையாலும் வழித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீதான எடுத்தேங்கறே," என்றாள் அம்மா. "உனக்கே பூசிக்கப் போறயா?"

"தெரியலைங்கம்மா."

"விடு புவனா, கொழந்த," என்று அப்பா கையை நீட்டி மறித்தார்.

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். கல்லுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் நின்றார்கள்.