கோச்சின் நிரந்தர முகவரி

கால்பந்துக் கோச் எந்த மண்ணில் நின்றாலும் அங்கே புல் முளைக்கும். உட்கார்ந்தால் முளைக்காது, படுத்தாலும் முளைக்காது, நின்றால் மட்டும்தான். கல்யாணமான மூன்றாம் நாள் பேருந்து நிறுத்தத்தில் அவர் மனைவி இதைக் கண்டுபிடித்தார். பேருந்து நாற்பது நிமிடம் தாமதம். ஏறும்போது திரும்பிப் பார்த்தால், கணவர் நின்ற இடத்தில் இரண்டு பாத அளவுக்குப் பச்சை. "கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்னு சொன்னாங்க. இவ்வளவு நேரடியா சொல்றாங்கன்னு அப்போ தெரியல" என்று சொல்லிவிட்டு ஜன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

சின்னக் கல்லூரியில் கோச் என்றால் வெறும் கோச் அல்ல. காலையில் பயிற்சி, பகலில் நூலகத்துப் புத்தகங்களுக்கு முத்திரை குத்துவது, மாலையில் மறுபடி பயிற்சி, போட்டி நாளில் வேன் ஓட்டுவது, போட்டி முடிந்தால் பதினாறு ஜெர்சியையும் வீட்டு வாஷிங் மெஷினில் போடுவது. ஒப்பந்தம் பதினோரு மாதம். பன்னிரண்டாவது மாதம் கடவுள் விட்ட வழி. அவர் போய்ச் சேரும் மைதானமெல்லாம் கட்டாந்தரையாக இருக்கும், பிள்ளைகள் விழப் பயந்து பந்தை மரியாதையாக வழியனுப்பி வைப்பார்கள். இவர் கோட்டோரம் மேலும் கீழுமாகக் கத்திக்கொண்டே நடப்பார், நின்று நின்று நடப்பார். இரண்டு வருடத்தில் மைதானம் பச்சைப் பசேல் என்றாகிவிடும். கோல்கீப்பர் பாய ஆரம்பிப்பான். அணி ஜெயிக்கும். உடனே நிர்வாகத்துக்கு ஞானம் பிறக்கும்: இவ்வளவு நல்ல மைதானத்துக்கு இன்னும் பெரிய கோச் வேண்டாமா? ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எட்டுக் கல்லூரி, எட்டுக் கடிகாரம். வீட்டில் எட்டும் எட்டு நேரம் காட்டின.

அந்தப் பெரிய கோச் பெரும்பாலும் ஒரே ஆள்தான். தொப்பி போட்ட மனிதர், கனமான ஃபைல் வைத்திருப்பார். இவர் இறங்கும் வாசலில் அவர் ஏறுவார், கைகுலுக்குவார், பிள்ளைகளுக்கு பிஸ்கட் டப்பா கொடுப்பார். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது.

கோச்சின் மகளுக்கு விண்ணப்பப் படிவங்கள் நிரப்புவதில் நல்ல பழக்கம். பெயர், பிறந்த தேதி, தற்போதைய முகவரி எல்லாம் மளமளவென்று எழுதுவாள். 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் ஒரு கோடு போடுவாள், ஸ்கேல் வைத்து. ஒன்பதாவது ஊரில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்த வாரம் அவள் அப்பாவிடம் நேராகவே கேட்டாள். "அப்பா, இங்க எனக்கு ஒரு ஃப்ரெண்டு கிடைச்சிருக்கா. பன்னெண்டாவது முடியிற வரைக்கும் எங்கயும் நிக்காதீங்க. ப்ளீஸ்."

அவர் மைதானத்துக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோனார். ஒன்றரை வருடம் உட்கார்ந்தே பயிற்சி கொடுத்தார். மைதானம் மொட்டையாகவே இருந்தது. உட்கார்ந்து போட்ட சத்தம் பாதி மைதானம்கூடத் தாண்டவில்லை, ஆனாலும் பிள்ளைகள் முழங்காலைத் தேய்த்துத் தேய்த்து எப்படியோ இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். முந்தின நாள் கோல்கீப்பர் வந்து நின்றான். "சார், நாளைக்கு ஒரு நாள் எழுந்து நில்லுங்க சார். நீங்க உக்காந்திருந்தா ஏதோ டாக்டரைப் பாக்க வரிசையில இருக்கிற மாதிரி இருக்கு."

வீட்டில் ஆலோசனை நடந்தது. மனைவி ஊர் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, கடைச் சாவி கையில் தரும் அளவுக்கு நம்பிக்கை சம்பாதித்திருந்தார். அவருக்கும் நகர மனமில்லை. அவர்தான் வழி சொன்னார்: "நடந்தாதானே ஊரெல்லாம் முளைக்கும்? ஒரே இடத்துல நில்லுங்க. ஒரு சாண் புல்லோட போகட்டும்." மகளும் ஒப்புக்கொண்டாள். கணக்கு சரிதான். ஒரே ஒரு விஷயத்தை மூன்று பேருமே யோசிக்கவில்லை: பக்கவாட்டில் பரவ வழியில்லாத புல் எங்கே போகும்?

கீழே போனது. தொண்ணூறு நிமிடமும் கோச் மேற்குக் கோட்டோரம் அசையாமல் நின்றார். அணி இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தது. ஓடிப்போய்ப் பிள்ளைகளைத் தூக்கலாம் என்றால் பூட்ஸ் வரவில்லை. தோட்டக்காரர் கடப்பாரையோடு வந்தார், கடப்பாரை வளைந்தது. கோச் பூட்ஸைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு வீட்டுக்கு நடந்தார். கோப்பை கொடுக்க வந்த தாளாளர் அந்த ஒரு சாண் பச்சையைப் பார்த்தார். அவருக்கும் ஞானம் பிறந்தது. ஒன்பதாவது கடிகாரம் வந்தது.

மகள் அழவில்லை, ஸ்கேலை மட்டும் பெட்டியில் எடுத்து வைத்தாள். லாரி பத்தாவது ஊருக்குப் போனது. மறுநாள் காலை ஐந்தரைக்கு மனைவி கண்விழித்தால் பக்கத்தில் தலையணை மட்டும். ஃபோன் அடித்தது.

"எங்கங்க இருக்கீங்க?"

"கிரவுண்ட்ல."

"எந்த கிரவுண்ட்?"

"பழைய கிரவுண்ட்தான். பூட்ஸ்ல நிக்கிறேன். ஃபோன் தோட்டக்காரரோடது. போர்வையும் இங்கதான் இருக்கு, தேடாதே."

கோச் பேருந்து பிடித்துப் பத்தாவது ஊருக்குத் திரும்பிப் போய்ப் படுத்தார். அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு மறுபடி பூட்ஸில் நின்றார். மூன்றாம் நாளும் அப்படியே. தாளாளர் வந்து, "உங்களைத்தான் அனுப்பிட்டோமே சார்" என்றார். "தெரியும் சார். நானும் போயிட்டுத்தான் வர்றேன்" என்றார் கோச். பத்தாவது கல்லூரி மூன்று நாள் வராத ஆளை வேண்டாம் என்று கடிதம் அனுப்பியது. ஆக, கோச்சுக்குக் கையில் வேலையில்லை, காலுக்கு மட்டும் இருந்தது.

அன்றைக்குத்தான் தொப்பிக்காரர் ஃபைலோடு வேலையில் சேர வந்தார். ஒரு சாண் புல்லையும், அதன் நடுவில் போர்வையோடு நிற்கும் மனிதரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். உள்ளே நல்ல வழுக்கை. அதுவரை யாருக்கும் தெரியாது.

"சார், உண்மையைச் சொல்லிடறேன்" என்றார் தாளாளரிடம். "இவர் போன மறுமாசமே எல்லா ஊர்லயும் புல்லு காய ஆரம்பிச்சிடும். யாரும் கவனிக்கிறதுக்குள்ள நான் அடுத்த ஊருக்குப் போயிடுவேன். இவர் நின்ன இடத்துலதான் நான் இத்தனை வருஷம் நடந்தேன். ஒரு தடவைகூட தேங்க்ஸ் சொன்னதில்ல." பிறகு கோச்சின் பக்கம் திரும்பி, "தேங்க்ஸ் அண்ணே" என்றார். கோச் போர்வையின் ஒரு முனையை நீட்டினார், பனி விழுந்துகொண்டிருந்தது.

தாளாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். வேரோடிய ஆளைப் பணிநீக்கம் செய்ய விதி இல்லை. அதனால் கோச்சை நிரந்தரமாக்கி, கல்லூரியின் அசையாச் சொத்துப் பதிவேட்டில், தண்ணீர்த் தொட்டிக்கும் வேதியியல் கூடத்துக்கும் நடுவில் ஏற்றினார்கள். நூலக முத்திரையையும் வேன் சாவியையும் தொப்பிக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். வேன் ஓட்டுவதில் அவர் கெட்டிக்காரர். மைதானம் அடுத்த மழைக்குள் பச்சையாகிவிட்டது, யாரும் யாரையும் அனுப்பவில்லை.

லாரி திரும்பி வந்தது. பழைய வீடு இன்னும் காலியாகவே இருந்தது. மனைவி ஒன்பது கடிகாரங்களுக்கும் ஒரே நேரம் வைத்தார், ஐந்தரைக்கு எழுப்ப இனி யாரும் தேவையில்லை என்றாலும். மருந்துக்கடையைத் திறக்கப் போகும் வழியில் பூட்ஸுக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு, "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். கணவரிடம் சொன்னாரா பூட்ஸிடம் சொன்னாரா என்று கோச் கேட்டுக்கொள்வதில்லை.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படிவம் வந்தபோது மகள் மளமளவென்று நிரப்பினாள். நிரந்தர முகவரிக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் ஸ்கேலை எடுத்தாள், பிறகு கீழே வைத்தாள். 'மேற்குக் கோட்டோரம், கல்லூரி மைதானம்' என்று எழுதினாள். எழுத்தர் படிவத்தைச் சரிபார்த்தார். பின்கோடு விட்டுப்போயிருந்தது, அதை மட்டும் போடச் சொன்னார்.